ஐந்து பல்பும் எரிந்த நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அன்று அந்த ஹாலில் இருந்தவர்களில் பாதிப்பேர் என்னை மறந்திருப்பார்கள். நான் மட்டும் யாராவது ஜன்னல் கொக்கியை நீக்குகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். இது சிரிப்புக் கதை என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நான் சிரிக்காமல் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. போர்ட் பிளேரில் பத்துபஸ்தியில் எங்கள் வீடு. விமானம் இறங்கும்போது அம்மா கொடியில் போட்ட சேலை தானாக மடிந்துகொள்ளும், ஏர்போர்ட் அவ்வளவு பக்கம். அப்பா கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே பழகியதால், ரகசியம் சொன்னால்கூட மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள் "அப்படியா?" என்பார்கள். நான் மெயின்லேண்டில் ஒரு ஆய்வகத்தில் டாக்டர் பட்டத்துக்காக நான்கு வருஷமாக ஒரு படலத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

படலம் என்றால் சினிமாப் படம் இல்லை. புரதம் தெரியும் அல்லவா, அதன் குட்டித் துண்டுக்குப் பெப்டைடு என்று பெயர். அதைக் கரைத்து, விரல் நகம் அளவு சில்லின் மேல், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராத அளவுக்கு மெல்லிசாகப் பூசுவேன். காய்ந்திருந்தால் அதில் மின்சாரம் போகாது, சும்மா கல். காற்றில் ஈரம் ஏறினால் போகும். ஈரம் கூடக்கூட, பல மடங்கு கூடப் போகும். அதுவும் வழக்கமான கரண்ட் மாதிரி எலக்ட்ரான் ஓடுவதில்லை, புரோட்டான் போகிறது. எப்படி என்று அப்பா கேட்டபோது, தூரத் தீவில் இருக்கும் ஹட் பே ஊரின் கப்பல்துறையை (நாங்கள் ஜெட்டி என்போம்) வைத்து அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: "ஹட் பே ஜெட்டில மூட்டை எறக்குவாங்கல்லப்பா, வரிசையா ஆளு நிப்பாங்க, மூட்டை மட்டும் கை மாறி கை மாறிப் போகும். தண்ணி மூலக்கூறுதான் ஆளு. புரோட்டான்தான் மூட்டை. ஆளு இல்லேன்னா மூட்டை நவுறாது."

அப்பா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நம்ம ஊர்ல உன் மூட்டைக்கு லேபர் ப்ராப்ளமே இல்ல" என்றார்.

நான்கு வருஷத்தில் என் ஆராய்ச்சியை இவ்வளவு சரியாக யாரும் புரிந்துகொண்டதில்லை, என் கைடு உட்பட.

இதனால் என்ன பிரயோஜனம்? மூச்சில் ஈரம் இருக்கிறது. படலத்தை மாஸ்க்குக்குள் வைத்தால் நோயாளி மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் அது விழித்துக்கொள்ளும். தூரத் தீவுகளிலிருந்து கப்பலில் நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது, பக்கத்தில் இருப்பவர் கண்ணயர்ந்தாலும் கருவி மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும். இதை ஒரு திட்டமாக எழுதி, நிதி கேட்டு அனுப்பியிருந்தேன். போர்ட் பிளேரில் ஒரு கல்லூரி, தன் கட்டிடத்தில் ஓர் அறையை ஆய்வகமாக்கத் தருவதாகச் சொன்னது. மெயின்லேண்டிலிருந்து மூன்று பேர் குழு வந்து பார்த்து "சரி" என்று சொன்னால் இரண்டு வருஷத் திட்டம், நான் வீட்டில் இருந்தபடியே விஞ்ஞானி. அம்மா அதற்குள் என் அறையிலிருந்த அரிசி டிரம்மை வெளியே தள்ளிவிட்டாள்.

குழுவுக்குக் காட்ட ஒரு பெட்டி செய்தேன். டிபன் பாக்ஸ் அளவு. மேலே சில்லு, முன்பக்கம் வரிசையாக ஐந்து குட்டி பல்பு. மூன்று பச்சை, ஒரு மஞ்சள், கடைசியில் சிவப்பு. ஈரம் ஏற ஏற ஒவ்வொன்றாக எரியும். ஊதினால் சர்ரென்று சிவப்பு வரை போய், ஊதுவதை நிறுத்தினால் இறங்கிவிட வேண்டும். எந்த ஈரத்தில் முதல் பல்பு எரிய வேண்டும் என்று திருத்த ஒரு திருகு. மெயின்லேண்டில் அது சொன்னபடி கேட்டது. அங்கே காற்று வறட்டுக் காற்று. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் உப்பு ஜாடியைக் கவிழ்த்தால் உப்பு விழாது, ஒழுகும். இது எனக்குத் தெரியாதா? பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் மூன்று சில்லுகளை இறுக்கமான டப்பாவில், ஈரம் உறிஞ்சும் நீல மணிப் பொட்டலங்களோடு கொண்டுவந்தேன். தெரிந்துதான் ஹாலில் முதல் நாளே ஏசி ஓட வேண்டும் என்று கடிதம் எழுதினேன். அடிக்கோடு வேறு போட்டேன். இரண்டு கோடு.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில் டப்பாவின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பொட்டலம் ஒன்றுகூட இல்லை.

"அம்மா!"

"ஏன்டி கத்துற? நாந்தான் தெறந்து பாத்தேன். நாலு வருஷமா என் மக என்ன செஞ்சிருக்கான்னு எனக்குப் பாக்கணும்ல?"

"பொட்டலம் எங்க?"

"அப்பள டப்பால போட்டுருக்கேன். அப்பளம் நமத்துப் போவுது." பிறகு, உண்மையான வருத்தத்தோடு கேட்டாள்: "ஆமா, அதுல என்னதான்டி இருக்கு? கண்ணுக்கே தெரியலையே. இதுக்கா நாலு வருஷம்?"

ராத்திரி முழுக்கக் குடித்த ஈரத்தில் இரண்டு சில்லுகளில் படலம் வீங்கி ஓரம் உரிந்துவிட்டது. மூன்றாவது மட்டும் பிழைத்திருந்தது. நீல மணிகள் ஈரம் குடித்து ரோஸ் நிறமாகி அப்பளத்துக்கு நடுவில் சிரித்தன.  மத்தியானம் அம்மா அப்பளம் பொரித்துப் போட்டாள். மொறுமொறுவென்று இருந்தது. அந்த எரிச்சல் தனி.

குழு வருகிற நாள் காலையிலிருந்தே மழை. எட்டு மணிக்கெல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டேன். ஹால் ஜில்லென்று இருந்தது. ஏசி மெக்கானிக் பிஸ்வாஸ் தாதா, இதே ஊர்க்காரர், வங்காளி (தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன்), விடிவதற்கு முன்பே வந்து பில்டரைக் கழுவி மாட்டியிருந்தார். "டென்ஷன் மத் லோ பேட்டி. கம்ரா ஏக்தம் சூக்கா ஹை" என்றார். டென்ஷன் வேண்டாம், அறை சுத்தமாக வறண்டிருக்கிறது என்று ஒரு மனிதர் உலகத்திலேயே எனக்குப் பிடித்த வாக்கியத்தைச் சொன்னார். காலில் விழுந்திருப்பேன். பெட்டியை மேஜையில் வைத்துத் திருகைத் திருத்தினேன். பல்பு ஒன்றும் எரியவில்லை. ஊதினேன், ஐந்தும் எரிந்தன. நிறுத்தினேன், அணைந்தன. சில்லுக்கு மேலே ஒரு நுண்ணோக்கிக் கேமராவைப் பொருத்தி, அதை ப்ரொஜெக்டரில் இணைத்தேன். சுவர் அளவுத் திரையில் என் படலம் ஊதாவும் பச்சையுமாக மின்னியது. குழுவுக்கு நன்றாகத் தெரிய வேண்டுமே என்று அந்தக் கேமராவை யோசித்ததும் நானேதான். யாரையும் குறை சொல்ல முடியாது. (சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.)

பத்தரை மணிக்கு நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அப்பல்ராவ் சார் உள்ளே ஓடிவந்தார். தெலுங்குக்காரர், நல்ல மனுஷர், பெரிய அதிகாரி யாராவது வந்தால் மட்டும் ரத்த அழுத்தம் ஏறிவிடும். வந்தவர் என்னைப் பார்க்கவேயில்லை. நேராக ஏசியை அணைத்தார். பிறகு ஜன்னல்களைத் திறக்க ஆரம்பித்தார். கொக்கி, கொக்கி, கொக்கி. மொத்தம் எட்டு ஜன்னல்.

"சார்! என்ன பண்றீங்க சார்?"

"மேடம், சேர்மன் சாப் கோ ஏசி நஹி சல்தா, ஒத்துக்காது. சளி பிடிச்சிக்குமாம். ஃப்ரெஷ் ஏர் வேணும்னு சொன்னாரு."

"இது ஈரத்தை அளக்கிற மெஷின் சார்! வெளிய மழை பெய்யுது!"

"மழை நல்லதுதானே மேடம்? உங்க மெஷினுக்கு ஈரம்தானே வேணும்?"

 அடுத்த பத்து நிமிஷத்தில் தமிழிலும் இந்தியிலும் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிஸ்வாஸ் தாதா மெதுவாக ஏணியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அப்பல்ராவ் சார் கைகளைக் கூப்பி, "மேடம், மேரி நௌக்ரி" என்றார். அவருக்கு வேலை முக்கியம். எனக்கும் அது வேலைதானே?

கடல்காற்று உள்ளே வந்தது. முதல் பச்சை எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது கண் சிமிட்டியது. திருகைக் கடைசி வரை திருகியும் இரண்டு பச்சைகள் அணைய மறுத்தன. குழு உள்ளே வந்துவிட்டது.

குழுவின் தலைவர், அதாவது அந்த சேர்மன், சென்னைக்காரர். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். (போர்ட் பிளேரில். மப்ளர்.) மாணவர்கள் ஹாலை நிறைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில். நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

தலைவர் முதலில் கேட்டது, "ஏம்மா, இங்க நெட் எல்லாம் ஒழுங்கா வருதா?"

"வருது சார்."

"பிறந்து வளர்ந்ததே இங்கயா? பரவால்லையே, தமிழ் நல்லா பேசறியே!"

இரண்டு தலைமுறையாக வீட்டில் ராமநாதபுரத்துத் தமிழ் பேசுகிறவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. அடக்கிக்கொண்டேன். அந்த அடக்கம்தான் பிறகு மொத்தமாக வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

நான் விளக்கினேன். ஜெட்டி, மூட்டை, கை மாறுவது எல்லாம் சொன்னேன். பிறகு, "சார், நீங்களே ஊதிப் பாருங்க" என்றேன். அவர் மப்ளரைத் தளர்த்தி, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, திருநீறு பூசிய குழந்தையின் நெற்றியில் ஊதுவதுபோல் கௌரவமாக "ஃபூ" என்றார். இரண்டு பச்சைகள் அப்படியே இருந்தன. இன்னொரு ஃபூ. அப்படியே.

"வரலையேம்மா."

"இன்னும் கிட்டக்க வந்து ஊதுங்க சார்."

"சளி இருக்கு" என்று அவர் பின்வாங்கினார். மற்ற இருவரும் ஊதினார்கள். ஒருவர் ஊதியபோது மூன்றாவது பச்சை எரிந்து, மனசு மாறி அணைந்தது. ஹாலில் யாரோ தும்மினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலில் அவ்வளவு கனிவு. "தப்பா எடுத்துக்காதம்மா. இந்த மாதிரி ரிசர்ச் எல்லாம் மெயின்லேண்ட்ல பெரிய லேப்ல பண்ணட்டுமே. தீவுல இருக்கறவங்க தீவுக்கு ஏத்தது பண்ணலாம். மீன், தேங்கா, டூரிஸ்ட்டு. இங்க கரண்ட்டே எப்ப போகும்னு தெரியாது. இந்த மெஷின் எதுக்கு, யாருக்கு?"

பெட்டியைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டலாம் என்று இருக்கலாம், தலையில் போடலாம் என்றும் இருக்கலாம். கேமரா அதோடேயே பொருத்தப்பட்டிருந்ததால் ஒயரோடு கூடவே வந்தது. பெட்டி என் வாய்க்கு நேர் கீழே இருந்தது.

"யாருக்கா சார்?" என்றேன்.

மூன்றாவது பச்சை எரிந்தது.

"ஹட் பேலேர்ந்து ராத்திரிபூராக் கப்பல்ல ஆளக் கொண்டாறாங்களே, அவங்களுக்கு சார்!"

மஞ்சள்.

"காலைலேர்ந்து நான் காய வெச்ச ரூமை, ஜன்னலைத் தெறந்து நாசம் பண்ணிட்டு, மெஷின் வேலை செய்யலேன்னா எப்படி சார்?"

சிவப்பு. பளிச்சென்ற சிவப்பு.

மூச்சு வாங்க நிறுத்தினேன். சிவப்பு அணைந்தது, மஞ்சள் அணைந்தது. முன்வரிசையில் ஒரு மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. பல்புகள் என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. மறுபடி ஆரம்பித்தேன். மப்ளரைப் பற்றிச் சொன்னேன். தேங்காயைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பல்புகள் ஏறி ஏறி இறங்கின. ஹால் முழுக்கச் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. கோபம் ஏற ஏறக் கருவி அற்புதமாக வேலை செய்தது. நான்கு வருஷத்தில் அவ்வளவு சுத்தமான அளவீட்டை நான் பார்த்ததில்லை என்று பிறகு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆமாம், வீடியோ எடுத்திருந்தார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். மகளுக்கு உதவ வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு, என்ஜின் அறைக் குரலில் சொன்னார்:

"சார், மெஷின் கரெக்டா வேலை செய்யுது சார்! வீட்லயும் அவ இப்படித்தான்!"

சிரிப்பில் கூரை பறந்துவிட்டது. தலைவர்கூடச் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பி, "அப்பா!" என்று கத்தினேன். அந்த "ப்பா"வில் ஒரு துளி எச்சில் தெறித்தது.

சாதாரணமாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் கேமரா கவனித்தது. சுவர் அளவுத் திரையில், ஊதாவும் பச்சையுமாக மின்னிய படலத்தின் நடுவில், ஒரு குளம் அளவுக்கு என் எச்சில் வந்து விழுந்தது. அதில் நுரை இருந்தது. குமிழ்கள் இருந்தன. சிரிப்பு நின்று, "அய்ய" என்று ஒரே குரல் எழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குளத்தின் கரை மெல்லக் கரைந்தது, ஊதா கலைந்தது, பச்சை மிதந்துபோனது. கடைசியாக இருந்த ஒரே சில்லையும் நானே துப்பி அழித்தேன்.

ஐந்து பல்புகளும் எரிந்தன. இந்த முறை அணையவில்லை.

தலைவர் எழுந்து அருகில் வந்து, தணிந்த குரலில், "கோபப்படாதம்மா" என்றார்.

"நான் கோபமா இல்ல சார்" என்றேன். சிவப்பு விளக்கு என் மோவாய்க்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. திட்டம் நிராகரிக்கப்பட்டது. காரணம் என்று ஒரே வரி: "அவ்விடத்தின் காற்றில் உள்ள மிகையான ஈரப்பதம் இவ்வகை ஆய்வுக்கு ஏற்றதல்ல." ஈரப்பதத்தை ஆராய்வதற்கு, ஈரப்பதம் இருக்கிற இடம் ஏற்றதில்லையாம். சரி, என் பெட்டி அன்று தோற்றது, நான் கத்தினேன், துப்பினேன், எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக என்னை நிராகரித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். எங்கள் ஊர்க் காற்றை நிராகரித்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அரிசி டிரம் மறுபடி என் அறைக்குள் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அம்மாதான். அப்பள டப்பாவிலிருந்து நீல மணிப் பொட்டலங்களை எடுத்து, கழுவி, வெயில் வந்த ஒரு நாளில் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கழுவிய பிறகு அவை எதற்கும் உதவாது. வாங்கிக்கொண்டேன்.

மெயின்லேண்டுக்குத் திரும்பினேன். கைடு வீடியோவை ஏற்கெனவே மூன்று தடவை பார்த்திருந்தார். "உன் படலத்துக்கு ஒரு மூடி வேணும்" என்று மட்டும் சொன்னார். ஆவியை உள்ளே விட்டு, துளியைத் தடுக்கும் ஒரு சவ்வை அதன் மேல் போட ஒரு வருஷம் ஆனது. சோதனைக்கு எல்லோரும் துளித்துளியாகத் தண்ணீர் விடுவார்கள். நான் துப்பினேன். ஆய்வேட்டில் அதை எவ்வளவு நாகரிகமாக எழுத முடியுமோ அவ்வளவு நாகரிகமாக எழுதினேன். பட்டம் கிடைத்தது. வேறொரு இடத்தின் உதவியோடு, முன்னைவிடச் சின்ன அறையில், போர்ட் பிளேரிலேயே இப்போது வேலை செய்கிறேன். அறையில் ஜன்னல் இல்லை. கேட்டு வாங்கியது.

ஆனால் வீட்டில் எனக்கு விமோசனம் இல்லை. அன்றிலிருந்து நான் குரலை உயர்த்தினால் யாரும் பதில் பேசுவதில்லை, எண்ணுகிறார்கள். அம்மா சமையலறையிலிருந்தே, "மூணு எரியுது" என்பாள். கல்யாணமாகி வந்த என் கணவருக்குத் தாலி கட்டுவதற்கு முன்பே வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அவர் "மஞ்சள்" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொள்வார். அப்பா சொன்னால் தெருவுக்கே தெரியும்: "வேணிக்கு நாலு!" எதிர்வீட்டு நாயர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். நான் அடங்கிவிடுவேன். அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் என்னையறியாமல் வாயை மூடி, மூக்கால் மூச்சு விடுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஹட் பேயில் இருக்கிற சித்திக்கு உடம்பு சரியில்லை என்று, கப்பல் டிக்கெட்டுக்காக அப்பாவும் நானும் ஜெட்டியில் வரிசையில் நின்றோம். மூன்று மணி நேரம். எங்கள் முறை வரப்போகிற நேரத்தில், மெயின்லேண்டிலிருந்து வந்த டூரிஸ்ட் ஒருவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக முன்னால் வந்து நின்றார். பின்னால் ஒரு நிகோபாரிப் பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு பெண், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "லைன்ல வாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "நாங்க ரெண்டு நாள்தான் இருக்கோம். நீங்க இங்கயேதானே இருப்பீங்க, அடுத்த கப்பல்ல போகலாமே?" என்றார். குரலில் அதே கனிவு.

எனக்குக் காது சூடானது. பழக்கத்தில் அப்பா எண்ணுவதற்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, எண்ணலையா?"

"இன்னிக்கு எண்ண மாட்டேன்" என்றார் அப்பா, ஜெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி. "அஞ்சும் எரியட்டும் தாயி."